வோட்ஸை எண்ணிக் காசு சேர்க்குமுன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்



அன்பின் பெற்றோர்களே, பழைய மாணவர்களே, ஊர் உறவுகளே,

சற்று நீண்ட பதிவு. ஊர்க் காசு சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் பொறுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

நமது பாடசாலையின் செயற்பாட்டு அறைக்கு "5000 வோட்ஸ்" அம்ப் ஒன்று வாங்க நிதி சேர்ப்போம் என்று போன கிழமை நடந்த கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. இப்போது அது வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. நல்ல மனதோடு சொல்லப்பட்ட யோசனை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பிள்ளைகளுக்கு என்றால் நமது ஊர் ஒருபோதும் கையை மூடியதில்லை. ஆனாலும் அந்த அறையில் நாளாந்தம் படிப்பிக்கிற நாங்கள் சிலர் இதற்கு உடன்படவில்லை. அம்ப் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த அம்ப் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறோம். அதில் எங்கள் பக்கத்துப் பிழையும் இருக்கிறது.

கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பழைய மாணவர் ஒருவர், தான் அங்கு பாவித்த ஒரு சோடி ஹைஃபை ஸ்பீக்கரைப் பாடசாலைக்கு அன்பளிப்பாகத் தந்தார். இடுப்பளவு உயரம், நல்ல மரப்பெட்டி, தரமான சாமான். அம்பைத் தரவில்லை, அது அவரிடமும் இருக்கவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? பாடசாலையில் கிடந்த ஒரு சின்ன டிவிடி செட்டை எடுத்து அதில் கொழுவினோம். பாட்டுப் படித்தது, பேச்சுக் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று விட்டுவிட்டோம்.

பிறகு பரிசளிப்பு விழா வந்தது. அந்தச் சின்ன செட்டையே மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சனம் கூடியது, சத்தம் காணவில்லை. வொல்யூமை முழுதாகத் திருப்பினோம், பேஸையும் ட்ரெபிளையும் உச்சத்துக்கு ஏற்றினோம். மூன்று மணித்தியாலம் அப்படியே ஓடியது. சத்தம் கரகரத்தது. "மைக் சரியில்ல" என்று சொல்லிச் சமாளித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு தவணை முழுக்க அதே ஸ்பீக்கரில்தான் ஆங்கிலக் கேட்டற் பயிற்சி நடந்தது. ஒலிப்பதிவைப் போட்டுப் பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். முன் வாங்குப் பிள்ளைகள் ஓரளவு எழுதினார்கள். பின் வாங்கில் இருந்தவர்கள் 'தின்' என்ற சொல்லுக்கு 'ஃபின்' என்றும், 'சின்' என்றும் எழுதி வைத்தார்கள். சொல்லின் நடுப்பகுதி சரி, தொடக்க எழுத்துப் பிழை. ஒரு பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் நாங்கள் "கவனக்குறைவு" என்று எழுதியும் விட்டோம். அவனுடைய வாப்பா வந்து அதற்குக் கையொப்பமும் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் நமது ஊர் ரேடியோ பாஸ் வேறொரு வேலைக்காக அந்த அறைக்கு வந்தார். ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்க் காதை வைத்துப் பார்த்தார். "சேர், இதில மேல இரிக்கிற சின்னது ரெண்டும் வேல செய்யல்ல. டுவீட்டர் எரிஞ்சி பெய்த்து. பெரியதுதான் தனியப் பாடுது" என்றார்.

டுவீட்டர் என்பது ஸ்பீக்கரில் உள்ள சின்ன வட்டம். கூர்மையான ஒலிகளைத் தருவது அதுதான். பேச்சில் 'ஸ', 'ஃப', 'த' போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகளின் கனமான ஒலி கீழே உள்ள பெரிய வட்டத்தால் வரும். ஆகவே டுவீட்டர் எரிந்தாலும் சத்தம் நிற்காது. பேச்சு வரும், ஆனால் சொற்களின் விளிம்பு மழுங்கிப் போகும். பிள்ளைகள் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். காதில் விழாததற்கு நாங்கள் புள்ளி குறைத்தோம். அந்த அறிக்கையை நாங்கள் திருத்திவிட்டோம், அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டோம். ஊருக்கும் சொல்ல வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இதைக் கேட்ட சிலர் எடுத்த முடிவுதான் "சின்ன அம்பால்தானே எரிந்தது, அப்ப ஆகப் பெரியதை வாங்குவோம்" என்பது. ஒரு பிழையிலிருந்து நேர் எதிரான இன்னொரு பிழைக்கு நாம் போகப் பார்க்கிறோம்.

சின்ன அம்ப் எப்படிப் பெரிய ஸ்பீக்கரை எரித்தது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு அம்புக்கும் ஓர் உயரம் இருக்கிறது. அந்த உயரத்துக்கு மேல் அலையை அதனால் தூக்க முடியாது. வொல்யூமை அதற்கு மேல் திருப்பினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். காதுக்குக் கரகரப்பாகக் கேட்பது இதுதான். வெட்டுப்பட்ட அலையில் முதலில் இல்லாத கூர்மையான ஒலிகள் புதிதாகச் சேர்கின்றன, சராசரி மின்வலுவும் கூடுகிறது. அந்தக் கூர்மையான பகுதி எல்லாம் நேரே டுவீட்டருக்குத்தான் போகும். ஸ்பீக்கரின் முதுகில் 120 வோட்ஸ் என்று எழுதியிருந்தாலும் அது முழுப் பெட்டிக்கும் சேர்த்த கணக்கு. மெல்லிய கம்பி சுற்றிய டுவீட்டர் தாங்கும் பங்கு அதில் மிகச் சிறியது. அத்துடன் நாங்கள் ட்ரெபிளை வேறு உச்சத்தில் வைத்திருந்தோம். மூன்று மணித்தியாலம் அதைச் சூடாக்கினோம், எரிந்தது. அம்பையும் நாங்கள்தான் பொருத்தமில்லாமல் கொழுவினோம், வொல்யூமையும் நாங்கள்தான் முறுக்கினோம்.

இப்போது அந்த 5000 வோட்ஸுக்கு வருவோம்.

வந்திருக்கிற கொட்டேஷனை நாங்கள் பார்த்தோம். கடையின் பெயர் இங்கு வேண்டாம். 5000 என்ற எண் பெரிதாக இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இந்தப் பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஒரு நொடியின் சிறு துண்டில் என்ன நடக்கலாம் என்று கணக்குப் போட்டு விரும்பிய எண்ணை அச்சடிக்கலாம். நாம் கேட்க வேண்டியது தொடர்ச்சியாகத் தரக்கூடிய வலு. கடைகளில் அதை ஆர்.எம்.எஸ். என்று சொல்வார்கள். இந்த எண் விளையாட்டு இன்று நேற்று வந்ததுமல்ல. அமெரிக்காவில் இது கட்டுக்கடங்காமல் போனதால் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974 இல் அம்பிளிபயர்களுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுப் பாவனைக்கான அம்பின் வலுவை விளம்பரத்தில் சொல்வதானால், தொடர்ச்சியான வலுவை, எத்தனை ஓமுக்கு, எவ்வளவு ஒலிச் சிதைவோடு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி.

இதைச் சரிபார்க்க எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. சாதாரண தர விஞ்ஞானம் போதும். நமது வீட்டுக் கரன்ட் 230 வோல்ட். சதுரக் கால் பிளக் 13 அம்பியர். இரண்டையும் பெருக்குங்கள், 2990. ஒரு பிளக்கால் தொடர்ந்து எடுக்கக்கூடியதே 3000 வோட்ஸுக்குக் கிட்டத்தான். அந்த அம்பின் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அதில் இருக்கிற ஃபியூஸ் 2 அம்பியர். 230 ஐ 2 ஆல் பெருக்கினால் 460. சுவரிலிருந்து தொடர்ந்து 460 வோட்ஸுக்கு மேல் வாங்க முடியாத ஒரு பெட்டி, ஸ்பீக்கருக்கு 5000 வோட்ஸ் கொடுக்குமா? வாங்கியதில் ஒரு பகுதி சூடாகவும் போய்விடும். சக்தி காப்பு விதியைப் பத்தாம் வகுப்புக்குப் படிப்பித்துவிட்டு, அதற்கு எதிரான பெட்டியை அதே பாடசாலைக்கு நாம் வாங்குவதா?

சரி, உண்மையில் எவ்வளவு வேண்டும்? இதற்கான விடை கடையில் இல்லை. நமது ஸ்பீக்கரின் முதுகிலும் நமது அறையின் நீளத்திலும் இருக்கிறது.

ஸ்பீக்கரின் முதுகில் மூன்று விடயங்கள் எழுதியிருக்கின்றன. ஒன்று, 6 ஓம். இரண்டு, 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீற்றரில் 87 டெசிபல். மூன்று, 30 முதல் 120 வோட்ஸ் வரையான அம்ப் உகந்தது.

முதலில் அந்த 87 டெசிபலைப் பார்ப்போம். கொடுக்கிற கரன்டை ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாக மாற்றுகிறது என்பதே இது. வோட்ஸை விட முக்கியமான எண், ஆனால் யாரும் கேட்பதில்லை. உலகத்தில் பேர் போன இரண்டு ஸ்பீக்கர்களை உதாரணத்துக்குச் சொல்கிறோம். போல் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் 1946 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹோர்ன், மூலையில் வைக்கும் பெரிய ஹோர்ன் பெட்டி. ஒரு வோட்டுக்கு ஏறத்தாழ 105 டெசிபல் தரும் என்று கம்பனி சொல்கிறது. மற்றது பிபிசி தனது வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களுக்காக 1970 களில் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்ற சின்னப் பெட்டி. அது ஏறத்தாழ 83 டெசிபல். வித்தியாசம் 22 டெசிபல். முதலாவது 1 வோட்டில் தரும் சத்தத்துக்கு இரண்டாவதற்கு 150 வோட்ஸுக்கு மேல் வேண்டும். அவ்வளவு கொடுத்தால் அந்தச் சின்னப் பெட்டி தாங்காது. அதற்காக அது கூடாத ஸ்பீக்கரா? இல்லை. ஒடுங்கிய வாகனத்துக்குள் பக்கத்தில் இருந்து கேட்பதற்குச் செய்தது, அந்த வேலைக்குப் புகழ்பெற்றது. இரண்டுக்கும் ஒரே அம்பை ஒரே எண்ணைப் பார்த்து வாங்கினால் ஒன்றுக்காவது பொருந்தாமல்தான் போகும்.

இனி நமது கணக்கு. 6 ஓமுக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அது ஒரு வோட்டை விடச் சற்றுக் கூட. ஆகவே நமது ஸ்பீக்கர் 1 வோட்டுக்கு 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 1 மீற்றரில் 86 என்றால் 2 மீற்றரில் 80, 4 மீற்றரில் 74, கடைசி வாங்கு இருக்கிற 8 மீற்றரில் 68. இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 ஐக் கூட்டினால் 71. அதாவது வெறும் ஒரு வோட்டில் கடைசி வாங்குக்கு 71 டெசிபல் போகிறது. சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்தால் இதை விடச் சற்றுக் கூடவே இருக்கும். இது அமைதியான அறையில் பேச்சுக்குத் தாராளம்.

ஃபேன் சுழல்கிறது, தகரக் கூரையில் மழை விழுகிறது என்று வைப்போம். 75 டெசிபல் வேண்டும். பேச்சிலும் இசையிலும் திடீரென்று எழும் உச்சங்களுக்கு இன்னும் 15 டெசிபல் இடம் விடுவோம். மொத்தம் 90. வோட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். 2 வோட்ஸ் 74, 4 வோட்ஸ் 77, 8 வோட்ஸ் 80, 16 வோட்ஸ் 83, 32 வோட்ஸ் 86, 64 வோட்ஸ் 89. வந்துவிட்டோம். ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 வோட்ஸ் வரை தொடர்ச்சியாகத் தரும் அம்ப் இந்த ஸ்பீக்கருக்கும் இந்த அறைக்கும் சரி. முதுகில் எழுதியிருக்கிற 30 முதல் 120 என்பதற்குள்ளும் அது அழகாக அடங்குகிறது.

60 ஆ 100 ஆ என்று இனிச் சண்டை பிடிக்கவும் தேவையில்லை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 2 டெசிபல்தான். காதுக்கு மட்டுமட்டாகத் தெரியும். சத்தம் இரண்டு மடங்கு என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு வோட்ஸ் 10 மடங்காக வேண்டும்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் இப்போது கரும்பலகைக்கு இரு பக்கமும் நிற்கின்றன. 2 மீற்றரில் இருக்கிற முன் வாங்குக்கும் 8 மீற்றரில் இருக்கிற பின் வாங்குக்கும் நேரடி ஒலியில் 12 டெசிபல் வித்தியாசம். பின்னால் உள்ளவனுக்கு விளங்கட்டும் என்று கூட்டினால் முன்னால் உள்ளவனுக்குக் காது வலிக்கும். பக்கச் சுவர்களின் நடுப்பகுதிக்கு, பிள்ளைகளின் காது மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் கடைசி வாங்குக்கான தூரம் பாதியாகும். 6 டெசிபல் லாபம். அம்பில் நான்கு மடங்கு வோட்ஸ் வாங்கியதற்குச் சமம். செலவு, இரண்டு பலகைத் தாங்கியும் கொஞ்சம் வயரும். யன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை போட்டால் சீமெந்துச் சுவரின் எதிரொலியும் குறையும். எதிரொலிக்கிற அறையில் வோட்ஸைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும், தெளிவு கூடாது.

பிள்ளைகளின் காதையும் யோசிக்க வேண்டும். தனியாள் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை, வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75. ஒரு பாடசாலை அறையில் சத்தத்தைக் கூட்டுவதை ஒரு பெருமையாக நாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது ஓம். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, அம்ப் எரிவதில் பாதி இதனால்தான் என்று பாஸ் சொல்கிறார். ஓம் என்பது ஸ்பீக்கர் காட்டும் தடை. 20 வோல்ட் தருகிற ஓர் அம்பை எடுங்கள். 8 ஓமுக்கு அது 2.5 அம்பியர் கொடுக்கும், 50 வோட்ஸ். 4 ஓமுக்கு 5 அம்பியர், 100 வோட்ஸ். 2 ஓமுக்கு 10 அம்பியர், 200 வோட்ஸ். எண் ஏறுகிறது என்று சந்தோசப்பட வேண்டாம். அந்த அம்பியர் எல்லாம் அம்பின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும். தாங்க முடியாத அம்ப் சூடேறி நிற்கும், அல்லது எரியும். ஆகவே நமது 6 ஓம் ஸ்பீக்கருக்கு "4 ஓம் வரை தாங்கும்" என்று எழுத்தில் உள்ள அம்ப்தான் வேண்டும். ஏனென்றால் 6 என்பது பெயரளவு எண். சில சுருதிகளில் ஸ்பீக்கரின் தடை அதற்குக் கீழேயும் இறங்கும். இன்னும் ஒரு சோடியைக் கொண்டுவந்து அதே முனைகளில் கொழுவுவோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டு 6 ஓம் சமாந்தரமாகச் சேர்ந்தால் 3 ஓம்.

கூட்டத்தில் எழுந்த மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி விடுகிறோம்.

"ஸ்டோரில் பழைய ஹோர்ன் அம்ப் கிடக்குதே, அதைப் பாவிக்கலாமே" என்று ஒரு காக்கா கேட்டார். அதன் பின்னால் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் முனைகள் இருக்கின்றன. அவை தூரத்தூர உள்ள ஹோர்ன்களுக்கு, ஒவ்வொன்றிலும் ட்ரான்ஸ்ஃபோமர் வைத்துக் கொழுவுவதற்கானவை. தெரியாமல் யாராவது நமது ஸ்பீக்கரை 100 வோல்ட் முனையில் மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். 100 ஐ 100 ஆல் பெருக்கி 6 ஆல் வகுத்தால் 1600 ஐத் தாண்டுகிறது. அம்பால் அவ்வளவு கொடுக்க முடியாதுதான். ஆனாலும் அதிகம் வாங்க முயன்று ஸ்பீக்கரோ அம்போ போய்விடும். மேலும் அது ஒற்றைத் தடத்தில், பேச்சுக்காகச் செய்தது. மைதானத்துக்கு அது நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

"இதை வாங்கினால் பரிசளிப்பு விழாவுக்கும் பாவிக்கலாம்தானே?" முடியாது. முடியும் என்று நாங்கள் நினைத்ததால்தான் டுவீட்டர் எரிந்தது. அறைக்குச் செய்த ஸ்பீக்கர் அறைக்குத்தான். மண்டபத்துக்கு வருடத்தில் சில நாட்கள் தேவை, அதை வாடகைக்கு எடுப்போம். ஒரே சாமானால் எல்லாவற்றையும் செய்யப் பார்த்தால் கடைசியில் எதற்கும் சாமான் இருக்காது.

"பாவித்த ஜப்பான் அம்ப் மலிவாகக் கிடைக்குதே?" கிடைக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் புதியதும் பழையதும் பார்க்கலாம். பாவித்த நல்ல அம்ப் ஒன்று மலிவான புதியதை விட மேலாகவும் இருக்கும். ஆனால் ஒன்று. ஜப்பான் நாட்டுப் பாவனைக்கென்று செய்தது 100 வோல்ட். அதை நமது 230 வோல்ட்டில் நேரே குத்தினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதன் விலையையும் சேர்த்துத்தான் மலிவா என்று பார்க்க வேண்டும். அதை ஒருநாள் யாரோ கழற்றிவிட்டு நேரே குத்தும் ஆபத்து ஒரு பாடசாலையில் எப்போதும் இருக்கிறது. எங்கள் அபிப்பிராயம், 230 வோல்ட் என்று முதுகில் அச்சிட்டதை மட்டும் வாங்குவோம்.

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் இந்த ஐந்தையும் கேட்டு, எழுத்தில் வாங்கி வாருங்கள்:

1. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும்போது, 8 ஓமுக்குத் தொடர்ச்சியாக எத்தனை வோட்ஸ்? எமக்கு வேண்டியது 60 முதல் 80.

2. 4 ஓம் வரை தாங்குமா? அம்பின் முதுகிலோ கையேட்டிலோ இருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது.

3. 230 வோல்ட்டா? ஃபியூஸ் எத்தனை அம்பியர்?

4. கம்ப்யூட்டரும் போனும் கொழுவச் சாதாரண லைன் உள்ளீடு இருக்கிறதா? மைக் வேண்டுமானால் அதற்கு வேறாக ஒரு சின்ன மிக்ஸர் தேவைப்படும்.

5. பழுதானால் யார் ரிப்பெயார் செய்வார்கள்? நமது பாஸால் திறந்து பார்க்கக்கூடிய சாமானா?

வயரையும் மறக்க வேண்டாம். பெல் வயர் போன்ற மெல்லிய அரைச் சதுர மில்லிமீற்றர் வயரை 10 மீற்றர் இழுத்தால், போகவும் வரவும் 20 மீற்றர், அதன் தடை மட்டும் ஏறத்தாழ 0.7 ஓம். 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது அதிகம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்றால் 0.15 ஓம் அளவில் நிற்கும், அது போதும். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற அதே செப்பு வயர் போதும், தங்க முலாம் பூசிய விலை கூடிய வயர் தேவையில்லை. சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் கொழுவுங்கள். ஒரு பக்கம் மாறினால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும், கனமான ஒலி காணாமல் போகும். பிறகு "அம்ப் சரியில்ல" என்று மறுபடியும் காசு சேர்க்கத் தொடங்குவோம்.

வாங்கிய பிறகு பொறுப்பு எங்களுடையது. அம்பின் மேல் துணி போட மாட்டோம், காற்றோட்டத்துக்கு மேலே ஒரு சாண் இடம் விடுவோம். கரன்ட் போனால் பிளக்கைக் கழற்றுவோம். போடும்போது அம்பைக் கடைசியாகவும், நிறுத்தும்போது முதலாவதாகவும் நிறுத்துவோம். சத்தம் கரகரத்தால் அந்த நொடியே வொல்யூமைக் குறைப்போம். மாதம் ஒருமுறை டுவீட்டருக்குக் கிட்டக் காதை வைத்துப் பார்ப்போம். முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு பிள்ளையின் அறிக்கையில் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டோம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். 5000 வோட்ஸ் என்ற பெயரில் நிதி சேர்ப்பதை நிறுத்துவோம். டுவீட்டர் இரண்டையும் பாஸ் திருத்தித் தந்துவிட்டார், அந்தச் செலவை ஆசிரியர்கள் நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இனித் தேவைப்படுவது அளவான ஓர் அம்ப், 40 மீற்றர் வயர், இரண்டு தாங்கி, திரைச்சீலை. இவ்வளவுக்கும் மூன்று கடையில் கொட்டேஷன் எடுத்து, அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் வைப்போம். மீதி வருகிற காசு நூலகத்துக்குப் போகட்டும்.

நாட்கூலிக்குப் போகிற வாப்பாவும், பாய் இழைத்து விற்கிற உம்மாவும் தருகிற நூறு ரூபாவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கப் போகிறது. அது அமானிதம். பெரிய எண்ணை வாங்கிவிட்டோம் என்று படம் எடுத்துப் போடுவதால் அது நிறைவேறாது. கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை 'தின்' என்பதைத் 'தின்' என்றே கேட்டு எழுதினால்தான் நிறைவேறும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். கணக்கில் பிழை இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். வர விரும்புகிறவர்கள் எந்த நாளும் பாடசாலை விட்ட பிறகு அறைக்கு வாருங்கள். ஸ்பீக்கரின் முதுகை நீங்களே பாருங்கள், கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டும் பாருங்கள்.

வஸ்ஸலாம்.

செயற்பாட்டு அறையில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சார்பில்.